வாய் மூடிக் கேட்ட பரீட்சை

ஒலிபெருக்கியில் முதலாவது ஆங்கிலத் தகவல் முடிந்ததுதான் தாமதம், றம்ஸான் அதை அப்படியே உரத்துத் திருப்பிச் சொல்லிவிட்டான். பரீட்சை மண்டபமே சிரித்தது.

“நன்றி நானா. மற்றதுகளையும் இப்பிடியே சொல்லுங்களன்,” என்றான் பின்னாலிருந்த இன்பாஸ்.

மேற்பார்வையாளர் புஷ்பவதி சிரிக்கவில்லை. பதிவை நிறுத்தி, அந்தக் கேள்வி எல்லோருக்கும் ரத்து என்று அறிவித்துவிட்டு, றம்ஸானின் கதிரையருகே வந்து நின்றார்.

“இன்னொருக்கா வாய் திறந்தீங்க எண்டா தாளை வாங்கிப்போடுவன்.”

“ஓம் மிஸ்.”

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. துறைமுகத்தின் இழுவைப் படகில் இத்தனை வருடமும் அவன் வானொலியோடு வாழ்ந்தவன். கடலில் காதுக்கு வந்த தகவலை வாயால் திருப்பிச் சொல்லியாக வேண்டும். சொன்னவர் தன் சொற்களைத் திரும்பக் கேட்பார். பிழை இருந்தால் அங்கேயே பிடிபடும். பேசாமல் இருந்தால் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். அப்படியே பழகி, நாக்கைத் தொடாத சொல் அவன் மனதில் தங்காமலே போயிற்று.

இது கப்பல்களோடு பேசும் துறைமுக வானொலி அறை வேலைக்கான ஆங்கிலப் பரீட்சை. வடம் இழுத்து முதுகு கெட்டுவிட்டது, இனிப் படகில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும்.

இரண்டாவது தகவல் ஓடியது. பல்லை இறுக்கிக்கொண்டு உதட்டையே காவல் காத்தான். காதில் ஒன்றும் விழவில்லை. மூன்றாவதும் பாதியில் நழுவியது. எதுவும் ஒரு தடவைதான் ஒலிக்கும்.

அடுத்த தகவலுக்கு முன் சிறு மௌனம். அது இளைப்பாறத் தந்ததல்ல, அடுத்த கேள்வியை வாசிக்கத் தந்தது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கேட்டல் பரீட்சையில் பாதி வாசிப்புத்தான். எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேள்வியே காதுக்குச் சொல்லிவிடும், மற்றதையெல்லாம் விட்டுவிடலாம். கப்பல் எங்கே நங்கூரமிட வேண்டும் என்று கேட்டிருந்தது. ‘எங்கே’ என்ற சொல்லின் மேல் இடது கை விரலை ஊன்றினான். வாய் செய்த வேலையை இனி விரல் செய்யட்டும்.

பதிவில் கப்பலின் கப்டன் உள்துறைமுகம் என்றார். பின்வரிசையில் பென்சில்கள் கீறின. றம்ஸான் விரலை எடுக்கவில்லை. முதலில் வரும் விடை பல வேளை பொறியாக இருக்கும். உள்ளே இன்னொரு கப்பல் நிற்கிறது, முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருங்கள் என்றது கட்டுப்பாட்டு அறை. அதன் பிறகே குறித்தான்.

கடைசித் தகவலில் ஒரு மீன்பிடிப் படகு. இறக்கக்கண்டிக் கரைக்கு நேரே இயந்திரத்தில் தீ, ஆட்கள் ஐந்து பேர். குரல் நடுங்கியது. கேட்கிறதா என்று கேட்டுவிட்டு நின்றது.

பதிவு என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் பதில் தொண்டைவரை ஏறி வந்தது. இப்படி ஒரு குரலைத் துறைமுகத்தில் யாரும் பதிலில்லாமல் விடமாட்டார்கள். புஷ்பவதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலை வாயில் குறுக்கே வைத்துக் கடித்தான். குரல் மறுபடி கேட்டது. பென்சில் நெரிந்தது. இன்னும் இறுக்கினான்.

பதிவு முடிந்ததற்கான மணி அடித்தது. படகில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அந்தப் பென்சிலாலேயே ஐந்தை வட்டமிட்டான். அடுத்து வந்த வாசிப்புத் தாளில் எந்தக் குரலும் அவனோடு பேசவில்லை. அதுவே பெரிய நிம்மதி.

சில வாரங்களுக்குப் பிறகு, கிண்ணியா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது துறைமுக அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. எதிரே மனைவி ஷிஃபானா அவன் முகத்தையே பார்த்தபடி இருந்தாள். ஒரு பெண் குரல் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னான்:

“திங்கக்கிழம காலைல, வானொலி அறைக்கு, அடையாள அட்டையோட வரணும்.”

மறுமுனையில் அந்தப் பெண் சிரித்தாள். “ஓம், சரி.”