விடியற்காலைச் சர்க்கரை

புருஷன் விரலில் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தைக் காட்டியதும் மெஷின் இருநூற்றெண்பது என்றது. ஞானசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏனுங்க, ராத்திரி எதைத் திருடித் தின்னீங்க?”

“நீ போட்ட சப்பாத்திதான் புள்ள,” என்றார் லூர்துராஜ், பாவமே அறியாத சம்மனசு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

இந்த மனுஷனோடு எப்படித்தான் குப்பை கொட்டுவது? தவக்காலம் தொடங்கியதிலிருந்து இதே கூத்து. வெல்ல டப்பாவை ஒளித்து வைத்தாள். பேரனுக்கு வாங்கிய பிஸ்கட்டைப் பீரோவில் பூட்டினாள். அப்படியும் காலைச் சர்க்கரை இறங்கின பாடில்லை. எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஏணி ஏறுகிற ஆள், தலை சுற்றி விழுந்தால் அப்புறம் என்ன ஆவது? அந்தக் கவலை அவருக்குத் துளியும் கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவள் இன்சுலின் ஊசி போட்டுவிட்டால், “உன் சீரியல் சத்தம் காதைக் கிழிக்குது” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

பொறுக்க மாட்டாமல், டாக்டரைக் கேட்காமலே, அன்று ராத்திரி ஊசியில் மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டாள். காலையில் சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் லைன் வீடு முழுக்க எழுந்துகொண்டது. கையோடு அவரைப் பஸ் ஏற்றி, ஒண்டிக்கடை ஸ்டாப் பக்கம் இருந்த கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

“தின்னுட்டுப் பொய் சொல்றாருங்க,” என்று நர்ஸ் மேகலாவிடம் கொட்டித் தீர்த்தாள். “இதுல தெனமும் காலையில பனியன் தொப்பலா நனஞ்சு கெடக்குது. இந்தக் குளுருல யாருக்குங்க வேர்க்கும்? தொவைச்சுத் தொவைச்சு என் கை வெறைச்சுப் போச்சு.”

மேகலா நிமிர்ந்து பார்த்தாள். “வேர்க்குதா? அண்ணா, ராத்திரி சாப்படறீங்களா இல்லையா?”

லூர்துராஜ் மின்விசிறியைப் பார்த்தார்.

“அக்கா, இவரு திருடித் தின்னலீங்க. ஊசி போட்டுட்டுப் பட்டினி கெடக்கறாரு. இன்சுலின் சர்க்கரையை இறக்கும். நொம்ப இறங்கிட்டா ஒடம்பு பயந்துபோய் குளுக்ககான், அட்ரினலின்னு வேற ஹார்மோனை அனுப்பும். அதுங்க, கல்லீரல்ல சேத்து வெச்ச சர்க்கரையை ரத்தத்துல அவுத்து உட்டுரும். வேர்க்கறதும் அந்த அட்ரினலினாலதான். காலையில நீங்க பாக்கறது அந்தச் சர்க்கரைங்க. ஊசியைக் கிசியைக் கூட்டிப் போட்டுடாதீங்க. தூக்கத்துலயே போயிருவாரு.”

ஊசி போட்டது ஞானசுந்தரியின் கைதானே. நேற்று ராத்திரி கூட்டிப் போட்டதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். மேகலா தலையில் அடித்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

கொல்லைப்பக்கத்து நாய் கொஞ்ச நாளாகப் பன்றி மாதிரி கொழுத்திருந்தது ஏனென்று ஞானசுந்தரிக்கு இப்போதுதான் உறைத்தது.

“எதுக்குங்க இந்தப் பட்டினி?”

“மாதா கெபிக் கோயில்ல ஒரு வேண்டுதல். பாஸ்கா பண்டிகை வரைக்கும் ராத்திரிச் சோறு இல்லைன்னு.”

“அப்படி என்ன வேண்டுதல்?”

அவர் வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டார். “நீ என்னைத் திட்டறது கொறையோணும்னு.”

ஞானசுந்தரி திட்ட வாயைத் திறந்தாள். நேற்றே இந்த ஆள் போயிருந்தால், விடிந்ததும் யாரைத் திட்டியிருப்பாள்?

டாக்டர் ஊசி மருந்தைக் குறைத்து, சாப்பிடாமல் போடவே கூடாதென்று அவர்கள் இருவரையும் சேர்த்து வைத்துக் கண்டித்து அனுப்பினார். பஸ்ஸில் அவள் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. இருட்டியதும் டிவியை அணைத்தாள், பின்கதவைத் தாழிட்டாள், சப்பாத்தியைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

“வேண்டுதல் பாதியில நிக்குதே புள்ள,” என்று அவர் இழுத்தார்.

“எங்க நிக்குது? கிளினிக்க உட்டு வந்ததுல இருந்து ஒரு வார்த்தை திட்டினனா?”

அவர் யோசித்துப் பார்த்தார். “இல்லியே.”

“மாதா கேட்டுட்டா. தின்னுங்க.”

அவர் சப்பாத்தியைப் பிய்த்து வாயில் போட்டார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நாய் பின்கதவைப் பிறாண்டியது. கதவைத் திறந்து, கிளினிக்கை விட்டு வந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த அத்தனை வசவையும் அதன் தலையில் கொட்டினாள். லூர்துராஜ் நிம்மதியாக மென்றுகொண்டிருந்தார்.