ரெட்டை இருமல்

இருமலுக்கு மார்க் போடுகிற உத்தியோகம் ஒன்று இருக்கிறது என்றால் முக்கால்வாசிப் பேர் நம்ப மாட்டார்கள். நாக்கம்மாவுக்கு அதுதான் உத்தியோகம். ஆலிவ் எண்ணெய்க்குத் தரம் பார்க்கும் கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து ருசி பார்ப்பார்கள். எட்டு நாக்கில் அவள் நாக்குதான் பொல்லாதது, அதனால் அந்தப் பேர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது.

எக்ஸ்ட்ரா வர்ஜின் என்கிற முதல் தர எண்ணெய் என்றால் மூக்கில் பச்சைப்புல் வாசம் அடிக்க வேண்டும், நாக்கோரம் கசக்க வேண்டும், விழுங்கி நாலைந்து நொடி கழித்துத் தொண்டையில் சுரீரென்று பிடிக்க வேண்டும். பிடித்தால் இருமல் வரும். அந்த இருமலைத்தான் எண்ணுவார்கள். ஒத்த இருமல் என்றால் நல்ல எண்ணெய், ரெட்டை இருமல் என்றால் ராஜா. ஒருநாள் ஒரு டாக்டர் கூடத்துக்கு வந்து படம் போட்டுக் காட்டினார். அந்தச் சுரீருக்குக் காரணமான சத்து உடம்புக்குள் இருக்கும் அழற்சியைத் தணிக்குமாம். வெண்ணெய்க்குப் பதிலாக இதைச் சேர்த்துக்கொண்டால் ரத்தக்குழாய்க்கு நல்லது, ரத்த அழுத்தம்கூடக் கொஞ்சம் இறங்கலாம் என்றார். நாக்கம்மா கேட்டதைக் கேட்டபடி அன்று சாயங்காலமே வீட்டில் ஒப்பித்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து, பிழைத்ததே பெரிய விஷயம் என்று ஆகிவிட்டது. இதயம் முன்னைப்போலப் பலமில்லை, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். காலையில் அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, உடம்பில் நீர் சேராமல் இருக்க இன்னொரு மாத்திரை. மனுஷன் மாத்திரை என்றாலே முகத்தைச் சுளிப்பார். எண்ணெய் என்றதும் குஷி பிறந்துவிட்டது. மறுநாள் காலை அடுப்புப் பக்கத்தில் இருந்த டின்னைச் சாய்த்து, பெரிய ஸ்பூனில் ஊற்றி, மடக்கென்று விழுங்கினார். இருமினார். நாக்கம்மா சிரித்துக்கொண்டே காலண்டரில் அன்றைய கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள்.

அப்புறம் அதுவே தினசரி விளையாட்டு. அவர் விழுங்குவார், இருமுவார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் மார்க் எழுதுவாள். முதல் இரண்டு நாள் ஒன்று, அப்புறம் இரண்டு, அடுத்த வாரம் மூன்று. எங்கள் வீட்டு டின் மாதிரி ஊரிலேயே கிடையாது என்று கூடத்தில் போய்ப் பெருமையடித்துக்கொண்டாள். இத்தனைக்கும் அந்த டின்னிலிருந்து ஒரு சொட்டைக்கூட அவள் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. நாள் முழுக்க எண்ணெயோடு மல்லுக்கட்டுகிறவள், வீட்டில் அதைக் கண்டாலே கையெடுத்துக் கும்பிடுவாள். வாணலியில் ஊற்றுவதோடு சரி.

இன்று காலை நாலு இருமல். நாலாவது இருமலில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாக்கம்மா கை தட்டினாள்.

கூடத்தில் இன்று பயிற்சி. ஆளுக்கொரு சின்ன பாட்டிலில் வீட்டு எண்ணெயைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் தலைமை அம்மாள். யாருடையது எது என்று தெரியாமல் நம்பர் போட்டு, நீலக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி வைத்திருந்தார்கள். நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்றுதான் நீலம்.

ஐந்தாம் நம்பரை நாக்கம்மா உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினாள். மூடியைத் தூக்கினாள். பழைய மெழுகுப் பென்சில் வாசம் குப்பென்று அடித்தது. ஒரு வாய் எடுத்து, பல்லிடுக்கில் காற்றை ஸ்ர்ர் என்று இழுத்து, விழுங்கி, காத்திருந்தாள். பத்து நொடி ஆயிற்று, இருபது நொடி ஆயிற்று, தொண்டையில் ஒன்றுமே இல்லை. பழ வாசம் பூஜ்யம், கசப்பு பூஜ்யம், காரம் பூஜ்யம் என்று எழுதி, கீழே 'செத்த எண்ணெய்' என்று கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்தாள்.

தலைமை அம்மாள் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு நம்பர்ப் பட்டியலைப் பிரித்தார். ஐந்தாம் நம்பர் நம்ம நாக்கம்மா வீட்டு டின் என்றார். கூடம் கொல்லென்று சிரித்தது. பெருமையெல்லாம் இந்த டின்னுக்குத்தானா என்று ஆளாளுக்கு வாரினார்கள். எத்தனை நாளாக இருக்கிறது என்று அம்மாள் விசாரித்தார். ஒன்றரை வருஷம், அடுப்புப் பக்கத்தில்தான் என்றாள் நாக்கம்மா. சூடும் காற்றும் பட்டுப் பட்டு அந்தச் சுரீர் எப்போதோ போயிருக்கும், அதோடு அதிலிருந்த நல்லதும் போயிருக்கும் என்று அவர் விளக்கினார்.

நாக்கம்மாவும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. இந்த எண்ணெய் யாரையும் இரும வைக்காது. அப்படியென்றால் காலையில் வீட்டுக்காரர் இருமிய நாலு இருமல் எங்கிருந்து வந்தது?

கிண்ணத்தில் மிச்சமிருந்ததை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டாள். எல்லோரும் அவளை வேடிக்கை பார்த்தார்கள். இரும வேண்டும், ஒரே ஒரு தடவையாவது இருமிவிட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இருமல் வரவில்லை.

அவருக்கு போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. லிஃப்ட் கம்பெனிக்குப் போட்டாள். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு நாளாக லிஃப்ட் ஓடவில்லை, உச்சியில் மோட்டார் அறையில் இருக்கிறார், அங்கே சிக்னல் கிடைக்காது என்றார்கள். லிஃப்ட் ஓடவில்லை என்றால் எப்படி ஏறிப் போனார் என்று கேட்டாள். இதென்ன கேள்வி, படியில்தான் என்றார்கள்.

டாக்சியில் உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, போன வாரத்திலிருந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். முதுகு வலி என்றார், நம்பினாள். பூட்ஸ் இறுக்குகிறது, ஒரு சைஸ் பெரிதாக வாங்கு என்றார். வயசானால் பாதம் வளருமா என்று கிண்டல் செய்தாள். கணுக்காலில் சாக்ஸ் பதிந்த தடம் படுக்கப் போகும்வரை மறையாமல் இருந்ததையும் பார்த்தாள். கூடத்தில் ஒரு சொட்டில் ஆயிரம் குறை கண்டுபிடிக்கிறவளுக்கு, பக்கத்தில் கிடந்த மனுஷன் கண்ணில் படவில்லை. சிக்னலில் டாக்சி நின்றது. ஏம்ப்பா, கொஞ்சம் வேகமாப் போயேன் என்று டிரைவரிடம் கெஞ்சினாள். பறக்கவா முடியும் என்று அவர் முன்னால் நின்ற பஸ்ஸைக் காட்டினார்.

கட்டடத்து வாசலில் காவலாளி எழுந்து வந்தார். லிஃப்ட்காரர் காலையில் ஏறியவர்தான், டீக்குக்கூட இறங்கவில்லை என்றார். நேற்று ஆறாவது மாடிப் படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார், கேட்டதற்கு எண்ணெய் வேலை செய்கிறது என்று சிரித்தாராம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டு நாக்கம்மா படியில் கால் வைத்தாள்.

மூன்றாவது மாடியில் செருப்பைக் கழற்றிவிட்டாள். ஐந்தாவதில் கைப்பையைப் படியிலேயே போட்டாள். ஏழாவது மாடி திரும்பும்போது லிஃப்ட் குழி வழியாக மேலேயிருந்து சத்தம் கேட்டது. அவர் இருமல்தான். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணக்கூடாது என்று நினைத்தாள். பாழாய்ப்போன பழக்கம் விடவில்லை. எட்டு, ஒன்பது. பத்துக்குப் பிறகு சத்தமில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறினாள்.

ஒன்பதாவது மாடியிலிருந்து ஒரு இரும்பு ஏணி மோட்டார் அறைக்குப் போனது. அவர் டூல்பாக்ஸ் மேல் உட்கார்ந்து, முழங்காலில் கையூன்றி முன்னால் குனிந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையிலிருந்த கைக்குட்டையில் இளஞ்சிவப்பாக நுரை. அவளைப் பார்த்ததும், தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி அதை மடிக்கப் பார்த்தார்.

"எண்ணெய்... தொண்டையிலயே நிக்குது" என்றார்.

"அது எண்ணெய் இல்லீங்க. அந்த எண்ணெய்ல ஒண்ணுமே இல்ல, இன்னைக்குத்தான் குடிச்சுப் பாத்தேன். மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார்.

"நீதான சொன்ன, அழுத்தம் இறங்கும்னு."

"கொஞ்சம்னு சொன்னேன்."

"கொஞ்சம்கிறது... என் காதுல விழல."

ஸ்பூனில் எண்ணெய் குடிக்க ஆரம்பித்த அன்றே இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டாராம். நீர் மாத்திரை போட்டால் அரை மணிக்கு ஒருதரம் ஓட வேண்டும், லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு எங்கே ஓடுவது என்று துண்டு துண்டாகச் சொன்னார். நாக்கம்மாவுக்கு அவரை நாலு வாங்கு வாங்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று கீழேயிருந்து காவலாளி குரல் கொடுத்தார்.

ஒன்பது மாடி படியில் இவரை இறக்கினால் பாதியிலேயே என்ன ஆகுமோ. அவர் கட்டைவிரலால் மோட்டாரைக் காட்டினார். வேலை முடிந்துவிட்டது, இரண்டு தடவை ஓட்டியும் பார்த்தாயிற்று, ஏணியில் இறங்கத்தான் தெம்பில்லை என்றார்.

"நம்பு. ஓடும். நானே பாத்தேன்."

"உங்க உடம்பையும் நீங்கதான் பாத்தீங்க" என்றாள் அவள். ஆனாலும் வேறு வழியில்லை.

அவள் முதலில் இறங்கி, ஏணியின் ஒவ்வொரு கம்பியிலும் அவர் பாதத்தைப் பிடித்துப் பிடித்து வைத்தாள். பூட்ஸ் கயிறு முழுக்க அவிழ்ந்திருந்தது, கால் பொதபொதவென்று மேலே பிதுங்கியிருந்தது. எட்டுக் கம்பி இறங்குவதற்குள் அவர் மூன்று தடவை நின்றார். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே போய் அவரைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

நாலாவது மாடியில் லிஃப்ட் ஒரு உலுக்கு உலுக்கியது. அவள் உயிரே போய் வந்தது. அவர் மூச்சுக்குப் போராடிக்கொண்டே அவள் கையைத் தட்டி, அது அப்படித்தான் என்பதுபோலத் தலையசைத்தார். மூன்று, இரண்டு என்று எண்கள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன. அவர் முழங்கால் மடங்கத் தொடங்கியது. கீழே கதவு திறந்தபோது ஸ்ட்ரெச்சரோடு நின்றவர்கள் அவளை ஒதுக்கிவிட்டு அவரை வாங்கிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் அவளை உள்ளே விடவில்லை. கையில் அவர் பூட்ஸைக் கொடுத்திருந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஒரு லேடி டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது, ஊசி போட்டதில் வடிய ஆரம்பித்திருக்கிறது, பிழைத்துக்கொள்வார், ஆனால் இதயம் இருந்த கொஞ்சப் பலத்திலும் பாதியை இழந்துவிட்டது என்றார். இனி ஏணி கிடையாது, லிஃப்ட் குழி கிடையாது. மூன்று வாரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை.

எண்ணெய் விஷயத்தை நாக்கம்மாவே சொன்னாள். நல்ல எண்ணெய் நல்லதுதான், சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளட்டும், மாத்திரை இருக்கிற இடத்தில் அதை வைக்க முடியாது என்றார் டாக்டர். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, இருமல் எப்போது ஆரம்பித்தது, நாளாக நாளாக எப்படி இருந்தது, தோராயமாகச் சொன்னால் போதும் என்றார். வீட்டில் யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது என்று அவரே சமாதானமும் சொன்னார்.

"இருபத்திரண்டு நாள்" என்றாள் நாக்கம்மா. "முதல் நாள் ஒண்ணு. மூணாம் நாள்லேருந்து ரெண்டு. ரெண்டாவது வாரம் மூணு. ஒருநாள்கூடக் குறையல, எல்லாம் காலண்டர்ல இருக்கு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறீர்களே என்றார்.

"இன்னைக்குக் காலைல நாலு" என்றாள் அவள். பூட்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் கை தட்டினேன் டாக்டர்."