ஒளிபரப்பாகாத முப்பத்தொன்று

அப்பா தொலைக்காட்சி நிலையத்தில் செட் போடும் தச்சராக இருந்தவர். நாற்பது வருடங்களுக்கு முன்னால் 'பிணவறை மருத்துவர்' என்ற துப்பறியும் தொடரின் முப்பத்தோராம் பாகத்தில், வர வேண்டிய நடிகர் வராமல் போனதால், தான் செய்த கதவுக்குத் தானே காவல்காரனாக நின்று, "யார் நீ?" என்று ஒரு வசனம் பேசிக் கொலையும் ஆனார். இது அவர் சொல்வது. வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை. அப்போது வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. பெட்டி வாங்குவதற்குள் நிலையத்தார் அந்த நாடாவை அழித்து, அதன் மேலேயே ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பதிந்துவிட்டார்கள்.

"அத்தான் நடிச்சது நிஜம்தான்," என்பார் மாமா. அம்மாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வருகிறவர். "கதவா நடிச்சிருப்பாரு."

"அந்தக் கதவுக்கு இருந்த முகபாவம்கூட உனக்குக் கிடையாது மச்சான்," என்று அப்பாவும் விடமாட்டார்.

ஆனால் போன மாதம் மாமா சீண்டியதும் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவிவிட்டு, "கனவுதான் கண்டேனோ என்னவோ," என்றார். மகளுக்கு அது பொறுக்கவில்லை. மனிதர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்.

மகளுக்கு வேலை, பேருந்து கால அட்டவணைகளை அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது. உலகத்தில் யாரும் முழுதாகப் படிக்காததை முழுதாகப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள். அந்தத் தகுதியோடு 'பிணவறை மருத்துவர்' தொடரின் தொலைந்த பாகங்களை இணையத்தில் தேடும் குழுவில் போய்ச் சேர்ந்தாள். ஆறு நாடுகளில் ஏழு பேர். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை என்பதால் ஒற்றுமையாக இருந்தார்கள்.

நாடாவை அழிப்பதற்கு முன் தொடரைப் படச்சுருள்களாகப் பிரதி எடுத்து வெளிநாடுகளுக்கு விற்றிருந்தார்கள். ஒரு நாடு போட்டு முடித்ததும் தகரப் பெட்டியில் அடைத்து அடுத்த நாட்டுக்கு அனுப்பிவிடும். அண்ணன் சட்டை தம்பிக்குப் போகிற மாதிரி. குழுவினர் ஒவ்வொரு நாட்டின் பழைய செய்தித்தாள்களையும் புரட்டி, நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, எந்தப் பாகம் எங்கே எப்போது ஓடியது என்று அட்டவணை போட்டிருந்தார்கள். ஓடியிருந்தால் பச்சை, ஓடாவிட்டால் சிவப்பு. பச்சை விழுந்த நிலையத்துக்கெல்லாம், 'உங்கள் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதா?' என்று கடிதம் போகும். தீ என்று ஒருவர் எழுதினார், வெள்ளம் என்று இன்னொருவர். ஒரு நிலையம் 'எங்களிடம் பரணே இல்லை' என்று எழுதியிருந்தது.

முப்பத்தொன்றுக்குப் பதினொரு பச்சை. பதினொன்றும் கைவிரித்தாயிற்று. ஒரே ஒரு சிவப்பு, ஒரு தீவு. அங்கே முப்பது ஓடியது, முப்பத்திரண்டு ஓடியது. நடுவில் அந்த வாரம் ரோஜாச் செடிக்கு உரமிடுவது எப்படி என்று யாரோ பாடம் நடத்தியிருந்தார்.

ஒரு நாள் ரத்தான பேருந்து ஒன்றை அட்டவணையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தபோது மகளுக்குப் பொறி தட்டியது. ஓடாத பேருந்து காற்றிலா கரைந்துபோகிறது? பணிமனையில்தானே நிற்கும்!

உடனே குழுவின் தலைவரான 'வாத்தியாரை' அழைத்தாள்.

"சார், அந்தத் தீவுல ஓடலைன்னா வரலைன்னு அர்த்தமா? வந்ததை யாரோ நிறுத்தியிருக்கணுமே. நாம நிலையங்களைத்தானே கேட்டோம், தணிக்கை அலுவலகத்தைக் கேட்டோமா?"

"இருபது வருஷமா பச்சையைத்தாம்மா துரத்துறோம். சிவப்புக்கெல்லாம் எழுத ஆரம்பிச்சா நம்ம ஆயுசு பத்தாது."

"எனக்கு எங்கப்பா ஆயுசுக்குள்ள வேணும் சார்."

"விலாசம் அனுப்புறேன்," என்றார் வாத்தியார்.

மூன்று வாரம் கழித்துத் தீவின் தணிக்கை அலுவலகத்திலிருந்து ஓர் எழுத்தர் அம்மாள் பதில் எழுதினார். முழுச் சுருள் எப்போதோ எரிக்கப்பட்டுவிட்டது. ஆனால் தணிக்கையில் வெட்டிய துண்டை மட்டும் சாட்சிக்காகக் கோப்போடு உறையில் போட்டு வைப்பது அவர்கள் வழக்கம். நாற்பத்தொரு விநாடி. கொலையை வெட்டியபின் மிச்சக் கதையில் துப்பறிய ஒன்றுமில்லாததால் நிலையம் ரோஜாவுக்கு மாறியிருக்கிறது. வெட்டியதற்கான காரணத்தையும் எழுதியிருந்தார்: 'கழுத்து நெரிபடுபவரின் வேதனை அளவுக்கு மீறி உண்மையாக இருக்கிறது. குழந்தைகள் பார்க்கத் தக்கதல்ல.' கீழே தன் பங்குக்கு, 'நானும் பார்த்தேன். தேநீர் இறங்கவில்லை' என்று சேர்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மகள் கணினியை மேசைமேல் வைத்து, தீவிலிருந்து கணினிப் பிரதியாக வந்த அந்தத் துண்டை ஓடவிட்டாள்.

ஒரு கதவு. அதன் முன்னால் ஒல்லியாக ஓர் இளைஞன்.

"அட, இவ்வளவு முடியா!" என்றாள் அம்மா.

பின்னாலிருந்து கையுறை போட்ட இரண்டு கைகள் அவன் கழுத்தைப் பிடித்தன. இளைஞன் வாயைத் திறந்தான். "டேய், விடுடா! நிஜமாவே வலிக்குதுடா!" என்று அலறினான். கண் பிதுங்கி, கால் உதறி, மூட்டையாகச் சரிந்தான். அவ்வளவுதான்.

மாமா அப்பா பக்கம் திரும்பிக் கேட்டார்: "இந்த வசனத்தை எழுதுனது யாரு அத்தான்?"

"'யார் நீ'ன்னுதான் எழுதிக் கொடுத்தாங்க. ஒத்திகையில அழகாச் சொன்னேன். படம் எடுக்கும்போது அந்தத் தடியன் எங்க நேரம் கொடுத்தான்? இயக்குநர் பிரமாதம்னு கைதட்டிட்டாரு. நானும் பிரமாதம்னு விட்டுட்டேன்."

"அப்ப நடிக்கவே இல்லையா?"

"கீழ விழுந்தது நடிப்பு," என்றார் அப்பா, ரோஷமாக.

மாமா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை போடு," என்றார். விழுந்ததைக் கூர்ந்து பார்த்தார். "விழுந்தது நல்லாத்தான் இருக்கு," என்று ஒப்புக்கொண்டார்.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமான புதுசு. நாலு நாள் கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டுத் திரிஞ்சீங்க. கேட்டா சளின்னு சொன்னீங்க. நானும் பைத்தியக்காரி மாதிரி வேளாவேளைக்கு வெந்நீர் வெச்சுக் கொடுத்தேன். இத்தனை வருஷத்துல வலிக்குதுன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்களா நீங்க?"

"ஏன் சொல்லலை?" என்று அப்பா திரையைக் காட்டினார். "நல்லாக் கேளு. எவ்வளவு சத்தமாச் சொல்லியிருக்கேன்!"