முதலில் மணி பார்

நிலம் அதிர்ந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? மேசைக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விடை. என் ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் 'கடிகாரத்தில் மணி பார்க்க வேண்டும்' என்பதைத் தட்டி வைத்திருந்தார்கள்.

காப்பியடித்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருவன் தப்பாக எழுதினால் முப்பது பேரும் அதையே பார்த்து எழுதுவது எங்கள் ஊர் ஒற்றுமை. ஆனால் இது இணையத் தேர்வு. ஒவ்வொரு பிள்ளைக்கும் கேள்விகள் வேறு வரிசையில் வந்தன. காப்பியடிக்க வழியே இல்லை.

அந்த இணையதளத்தைப் பெங்களூரில் சிலர் நடத்துகிறார்கள். சரித்திரத்துக்கும் சமூக அறிவியலுக்கும் வேண்டிய வரைபடம், பழைய புகைப்படம், வீடியோ, தேர்வு எல்லாம் அதில் இலவசம். பாடப்புத்தகத்தில் தபால்தலை அளவுக்கு இருக்கும் ஹம்பி, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எங்கள் வகுப்புச் சுவர் முழுக்க விரியும். வாரம் முழுக்க நான் அந்த ஒரு பீரியடுக்காகத்தான் பள்ளிக்கூடம் போனேன் என்று சொன்னால் பொய்யில்லை.

அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. தலைமையாசிரியர் ஆர்தர் சார் கணக்கு வாத்தியாராக இருந்து உயர்ந்தவர். கணக்கு வாத்தியார் தலைமையாசிரியர் ஆனால் சரித்திரத்துக்குச் சனி பிடித்தது என்று வைத்துக்கொள்ளலாம். "இந்த டெஸ்ட்ல ஜில்லா சராசரிய நம்ம பசங்க தொடணும், ஷைலஜா மேடம். இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து அந்த பீரியட் மேத்ஸுக்கு" என்று கறாராகச் சொல்லியிருந்தார். சராசரியைத் தொட மூன்று மார்க் குறைந்தது. அந்த ஒரு கேள்விக்கு நான்கு மார்க்.

வகுப்புக்குள் போனதும் கத்தினேன். "வீடு ஆடும்போது மணி பாப்பீங்களா? எதுக்கு, நல்ல நேரம் பாக்கவா?"

யாரும் சிரிக்கவில்லை. ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பிலிருந்து வரும் பவ்யாதான் எழுந்தாள். "வூட்ல அப்படித்தான் மிஸ் செய்வாங்க. லேசா ஆடுனாலே எல்லாரும் கடிகாரத்தத்தான் பாப்பாங்க."

"ஏன்?"

"தெரியாது மிஸ். பாப்பாங்க."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் போய் வெட்கம் வந்தது. நானும் இந்தத் தங்கச் சுரங்க ஊரில் பிறந்தவள்தான். ஆனால் என் அப்பா சேலத்திலிருந்து இங்கே பெரிய இயந்திரத் தொழிற்சாலைக்கு இன்ஜினியராக வந்தவர். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து சுரங்கத்துக்காரர்களின் லைன் வீடுகளுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். நாற்பது வருஷத்தில் அந்தப் பத்து நிமிஷத்தை நான் கடந்ததில்லை.

மத்தியானம் பள்ளிக்கூட ஆயா தாயம்மாவிடம் கேட்டேன். மணியடிப்பதும் கூட்டுவதும் அவர் வேலை. அவரும் ஸ்கெலட்டன்தான்.

"இத்தப் போயி இன்னா மிஸ் கேக்கறீங்க" என்று சிரித்தார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்.

"சொரங்கத்துல கீழ பாறை வெடிச்சா மேல வூடு ஆடும். ஒடனே மணி பாக்கணும். அப்பதான் எந்த ஷிப்டு உள்ள கீதுன்னு தெரியும். நம்ம வூட்டு ஆளு ஷிப்டா இருந்தா, ஆளு எறங்கற ஷாப்டுக்கு ஓடணும். ஆளுங்கள ஏத்தினு கேஜ் மேல வர வரைக்கும் அங்கயே நிக்கணும்."

"நம்ம ஆள் ஷிப்ட் இல்லன்னா?"

"அப்ப பக்கத்து வூட்டு ஆளு உள்ள இருப்பாரு. அந்தப் பொம்பள ஓடணும் இல்ல? அவ கொழந்தய நாம தூக்கிக்கணும். யாரும் சொல்லத் தேவயில்ல. மணி பாத்தா யாரு ஓடணும், யாரு கொழந்த தூக்கணும்னு தெரிஞ்சிடும்."

சுரங்கம் மூடியது 2001இல். இந்தப் பிள்ளைகள் யாரும் அப்போது பிறக்கவே இல்லை. ஷிப்ட் போய்விட்டது, ஷாப்ட் வாயை மூடியாகிவிட்டது, கண் மட்டும் இன்னும் கடிகாரத்துக்குப் போகிறது. இதைவிடப் பெரிய சரித்திரப் பாடத்தை நான் எந்த இணையதளத்தில் தேடுவது?

அந்தக் கேள்வித்தாளை அச்செடுத்துக்கொண்டு ஆர்தர் சார் அறைக்குப் போனேன். "ஒரு பத்துக் கேள்வி சார். நீங்களே போட்டுப் பாருங்க."

"இன்னா மேடம் வெளாட்டு இது?" என்றவர், கணக்கு வாத்தியாரின் வேகத்தில் சரசரவென்று டிக் அடித்துக்கொண்டே போனார். ஏழாவதாக இருந்த அந்தக் கேள்வியிலும் பேனா நிற்கவில்லை. தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, அதைத் தொட்டுக் காட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். மணி பார்க்க வேண்டும் என்பதற்கு நேராக அவருடைய டிக் இருந்தது.

"எங்கப்பா முப்பது வருஷம் மைன்ஸ்ல அண்டர்கிரவுண்ட்" என்றார் மெதுவாக. "இப்பவும் ரோட்ல பெரிய லாரி போனா எங்கம்மா கடிகாரத்தத்தான் பாப்பாங்க. நானும்தான்."

தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "பீரியட நீங்களே வெச்சிக்குங்க. ஆனா பசங்க மேசைக்கு அடியில போகவும் கத்துக்கணும். அதுவும் முக்கியம்."

அது நியாயம்தான். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் பத்து நிமிஷம் முப்பத்தெட்டுப் பேரையும் பெஞ்சுக்கு அடியில் நுழையவைத்தேன். மிச்ச நேரத்தில் இணையதளத்துக்கு எழுதினோம். உங்கள் விடை சரி, எங்கள் விடைக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று ஆரம்பித்தோம். இரண்டு நாளில் பதில் வந்தது. அதையே ஒரு பாடமாகச் செய்து அனுப்புங்கள், சொன்னவர் பெயரைச் சான்றாகப் போடுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

தாயம்மாக்கா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "நா சொன்னா சரித்திரமா? போங்க மிஸ்." பவ்யாதான் கையைப் பிடித்து இழுத்து வந்து போனின் முன்னால் உட்காரவைத்தாள். கன்னட வரிகளும் சேர்ந்து பாடம் தளத்தில் ஏறியது. கீழே 'சான்று: தாயம்மா, ஸ்கெலட்டன்' என்று இருந்தது. அக்கா அதை நான்கு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மூன்றாவது வாரம் மங்களூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தின் கீழே கன்னடத்தில் ஒரு கேள்வி போட்டிருந்தார்கள். நீங்கள் தூக்கிக்கொண்ட குழந்தை இப்போது எங்கே?

சரித்திரப் பாடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் தாயம்மாக்காவை மறுபடி உட்காரவைத்தோம். பவ்யா போனைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு நாலு கொழந்தய தூக்கியிருக்கேன்" என்றார் அக்கா. "ஒண்ணுதான் நல்லா ஞாபகம் கீது. கல்யாணம் ஆன புதுசு. பகல் பதினோரு மணி. பக்கத்து வூட்டுக்காரரு ஷிப்டு. அவுங்க பொண்டாட்டி ஓடிட்டாங்க. பையனுக்கு நாலு வயசு. ரெண்டு நாளு என் இடுப்ப வுட்டு எறங்கல. அவுங்கப்பா உசுரோட வர்ல."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அந்தப் பையன் இப்ப எங்கன்னா கேக்கறாங்க? காலையில அஞ்சு மணிக்கு எழுந்து பெங்களூருக்கு ட்ரெயின் புடிக்கறான். பேரு ரவிகுமாரு." அக்கா கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர், கொஞ்சம் மேலே, போனைப் பிடித்திருந்தவளைப் பார்த்தார். "அவன் பொண்ணுதான் இப்ப என்னிய போட்டோ புடிக்குது."

பவ்யாவின் தாத்தா சுரங்கத்தில் இறந்தவர் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் அப்பா யார் இடுப்பில் இருந்தார் என்பதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. போன் அவள் கையில் ஆட ஆரம்பித்தது. வீடியோ கெட்டுவிடுமே என்று நான் அதை வாங்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை. இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்கக்கா, அப்பறம்?" என்றாள்.

பீரியட் முடியும் நேரம் தாண்டிவிட்டது. மணியடிக்க வேண்டியவர் எங்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.