முழிக்கும் வரைக்கும்

தெமோதரைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கோதுமை மாவுக்குப் பெரும் தட்டுப்பாடு இருந்த காலம் அது. கூப்பன் கடை வாசலில் பாண் ரொட்டிக்காக நின்ற வரிசை மழையிலும் கலையாமல் நின்றது. முஹ்ஸினா குடையைச் சாய்த்துப் பிடித்தபடி அந்த வரிசையைக் கடந்து, புஹாரி முதலாளியின் வீட்டுக்குப் போகும் படிக்கட்டில் ஏறினாள்.

அவள் பல வருடங்கள் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவள். இப்போது பதுளையில் ஒரு மாதர் சங்கத்துக்காக வேலை செய்தாள். படுக்கையில் விழுந்தவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க, சங்கம் பெண்களைப் பழக்கி அனுப்பியது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவர்கள் வேலை. அந்தப் பெண்களுக்குப் பழக்கிக் கொடுத்தவளும் முஹ்ஸினாதான். பிறகு வீடு வீடாகப் போய், நோயாளியை ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று கவனித்துச் சொல்பவளும் அவள்தான்.

புஹாரியின் மனைவி ஸைனப்புக்கு இன்னும் ஐம்பது வயது ஆகவில்லை. போன வருடம் வாதம் அடித்து வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் புத்தியில் ஒரு குறையும் இல்லை. முஹ்ஸினா போகும்போதெல்லாம் ஊர்ப்புதினம் கேட்டுத் துளைத்தெடுப்பாள். அவளைப் பார்த்துக்கொள்பவள் தனலெட்சுமி. மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வரும் இளம் விதவை. பழகிய பெண்களில் இவளுக்குத்தான் கை பதமென்று முஹ்ஸினாவே சொல்லியிருக்கிறாள்.

கதவைத் திறந்தவள் புஹாரியின் தங்கை லரீபா. கணவன் மௌத்தான பிறகு 'நானா' என்று அவள் கூப்பிடும் அண்ணனின் வீட்டோடு வந்திருந்து குடும்பத்தை நடத்துபவள் அவள்தான்.

"மச்சி தூங்குறா, மிஸ்ஸி. பாத்திட்டு வெரசாப் போனீங்கண்டா பதுளை பஸ்ஸைப் பிடிச்சிரலாம்."

வந்ததும் வராததுமாக பஸ்ஸைப் பற்றி ஏன் பேசுகிறாள் என்று முஹ்ஸினாவுக்குப் பட்டது. அறைக்குள் போனாள்.

அறையில் குறை சொல்ல எதுவும் இல்லை. விரிப்பில் சுருக்கமே கிடையாது. ஸைனப்பின் தலைமுடி எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தது. நகம் வெட்டியிருந்தது. மூத்திர வாடை துளியும் இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் தனலெட்சுமி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வாங்க மிஸ்ஸி," என்றாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

முஹ்ஸினா குனிந்து, "ஸைனப் ராத்தா," என்று கூப்பிட்டாள். அசைவில்லை. தோளைத் தொட்டாள். காது மடலை மெல்லக் கிள்ளினாள். இமை ஒருதரம் துடித்தது, திறக்கவில்லை. மூச்சு மிக மெதுவாக, எங்கோ ஆழத்திலிருந்து வருவதுபோல வந்தது.

"எப்போதிருந்து இப்படித் தூங்குறாங்க?"

"ராவைக்கெல்லாம் முழிப்பு," என்றாள் வாசலில் நின்ற லரீபா. "அதுதான் பகல்ல தூக்கம்."

"நான் தனலெட்சுமியைக் கேட்டேன்."

தனலெட்சுமி லரீபாவைப் பார்த்தாள். "ஆமாங்க. ராத்திரியில தூங்குறதில்லீங்க."

முஹ்ஸினா குதிகாலில் புண் இருக்கிறதா என்று பார்க்கப் போர்வையைக் காலடியிலிருந்து விலக்கினாள். புண் இல்லை. போர்வையைத் திரும்ப இழுக்கப் போனவள் நின்றுவிட்டாள். ஸைனப்பின் பாதம் வெளிப்பக்கமாகச் சரிந்து கிடந்தது. வாதம் விழுந்த கால் அப்படிச் சரிவது வழக்கம்தான். ஆனால் சரிந்து கிடந்தது இடது கால். நல்ல கால்.

இரண்டு குதிகாலையும் மெல்லச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். இடது கால் மற்றதைவிடக் கட்டையாக இருந்தது. தூக்கத்திலேயே ஸைனப்பின் நெற்றி சுருங்கியது.

"இடது கால்ல என்ன நடந்த?"

தகரக் கூரையில் மழை இரைந்தது.

"வாதம்தானே மிஸ்ஸி," என்றாள் லரீபா. "இந்தப் பக்கமும் வந்திரிக்கும்."

"வாதம் வந்தா கால் கட்டையாகாது."

"நீங்க டொக்டரா?"

முஹ்ஸினா மூலையில் கிடந்த கதிரையைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குடையைச் சுவரில் சாத்தினாள்.

"இவங்க முழிக்கிற வரைக்கும் நான் இரிக்கிறேன்."

"பஸ் போயிரும்."

"போகட்டும்."

லரீபா குரலை மாற்றிக்கொண்டாள். தேயிலைச் சாயத் தண்ணி ஊற்றுவதாகச் சொன்னாள், முன்னறையில் வந்து உட்காரச் சொன்னாள், பகல் சாப்பாட்டுக்கே இருக்கச் சொன்னாள். முஹ்ஸினா அசையவில்லை. கடைசியில், "குடும்பத்து வீட்டுக்குள்ள வந்து குந்திக்கிட்டு என்னத்தத் தேடுறீங்க? நானாக்குத் தெரிஞ்சா சங்கத்துல இரிந்து ஒருத்தரையும் படியேற விடமாட்டார்," என்று சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் போனாள். தனலெட்சுமியையும் கூப்பிட்டுக்கொண்டாள்.

முஹ்ஸினா ஸைனப்பின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். தான் நினைப்பது தவறாக இருந்தால் இந்த வீட்டில் மட்டுமில்லை, பஸார் முழுவதும் சங்கத்தின் பெயர் கெட்டுவிடும். சரியாக இருந்தால் அதைவிட மோசம். குசினியில் இரண்டு பெண்களும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. ஒருத்தி மறுத்தாள். மற்றவள் அதட்டினாள். பிறகு கோப்பைக்குள் கரண்டி சுற்றும் சத்தம். அது வெகு நேரம் சுற்றியது.

தனலெட்சுமி கோப்பையோடு வந்தாள்.

"கஞ்சி குடுக்கிற நேரங்க."

"தூங்குற ஆளுக்கா?"

"கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுனா முழுங்கிருவாங்க..."

"தூங்குறவங்க வாயில ஊத்தினா மூச்சுக்குழாய்க்குப் போயிரும்னு ஒனக்குச் சொல்லித் தந்தது யாரு?"

"நீங்கதாங்க." தனலெட்சுமி கோப்பையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

முஹ்ஸினா எழுந்து கோப்பையை வாங்கினாள். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். சீனிக்கு அடியில் கசந்தது. கோப்பையைத் தன் கைக்கெட்டும் தூரத்தில் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். தனலெட்சுமி போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"உக்காரு," என்றாள் முஹ்ஸினா. "ரெண்டு பேருமா இருந்து பாப்போம்."

மழை விட்டது. கீழே ஸ்டேஷனில் ரயில் கூவிவிட்டுப் போனது. ஸைனப்பின் மூச்சு மெல்ல மெல்ல வேகம் பிடித்தது. முதலில் உதடு அசைந்தது. பிறகு இடது கை விரிப்பைப் பிடித்துச் சுருட்டியது. ஒரு முனகல் வந்தது. தனலெட்சுமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஸைனப் கண்ணைத் திறந்தாள். ஒரு கணம் கூரையைப் பார்த்தாள். புரள முயன்றாள். உடனே அவள் போட்ட கத்தல் பஸார் வரைக்கும் கேட்டிருக்கும்.

"கால்... கால்... யா அல்லாஹ்!"

முஹ்ஸினா அவளுடைய இடுப்பு அசையாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். "அசையாதீங்க ராத்தா. நான் முஹ்ஸினா. நான் வந்திரிக்கிறேன்."

ஸைனப்பின் கண் அவள் முகத்தில் வந்து நின்றது. இடது கையால் முஹ்ஸினாவின் மணிக்கட்டை இறுக்கினாள். குழறலுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினாள். "தூங்க... வைக்க... வேணாம்."

தனலெட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"விழுந்துட்டாங்க மிஸ்ஸி. போன கிழமை, ஏழு நாளாச்சு. முதலாளி தங்கச்சி என்னையப் பாண் கியூவுக்கு அனுப்பிட்டாங்க. அம்மாவைத் தனியா வுட்டுட்டுப் போக மாட்டேன்னுதான் சொன்னேன். நான் பாத்துக்கிறேன், நீ போன்னாங்க. வந்து பாக்குறேன், அம்மா தரையில கெடக்குறாங்க. கூப்பிட்டுப் பாத்திருக்காங்க, யாருமே வரல. தானா எந்திரிச்சு கக்கூசுக்குப் போகப் பாத்திருக்காங்க."

"பொய்!" லரீபா வாசலுக்கு வந்திருந்தாள். "இவ பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ளதான் மச்சி விழுந்த. பழி வந்திரும்னு இவதான் மறைக்கச் சொன்ன."

"கஞ்சியில கலந்த குளிசை யாரோடது?" என்று கேட்டாள் முஹ்ஸினா.

கணவன் மௌத்தான பிறகு டொக்டர் எழுதிக் கொடுத்த தூக்கக் குளிசையை லரீபா விழுங்குவது அந்த வீட்டில் எல்லாருக்கும், முஹ்ஸினாவுக்கும் தெரியும்.

"அவங்கதான் குடுத்தாங்க," என்றாள் தனலெட்சுமி. "சொன்னேன்னா பொலிஸுக்குப் போவேன், தோட்டத்துலயும் ஒன்னைய இருக்க வுட மாட்டாங்கன்னாங்க. ரெண்டு நாள்ல வலி போயிரும்னாங்க. போகல. கஞ்சியில கலந்தது நாந்தாங்க. என் கையாலதான் குடுத்தேன்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கத்தல் கேட்டுப் புஹாரி பஸாரிலிருந்த தன் கடையிலிருந்து ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. ஒரு கிழமையாக மனைவியின் குரலையே கேட்காதவர் அவர். கடைக்குப் போகும்போதும் தூக்கம், வரும்போதும் தூக்கம். நோயாளிக்கு நல்ல ஓய்வு கிடைக்கிறதென்று நிம்மதியாக இருந்தார்.

"என்ன? ஏன் இவ கத்துறா?"

"இடுப்பெலும்பு முறிஞ்சிரிக்கி, முதலாளி," என்றாள் முஹ்ஸினா. "விழுந்து ஒரு கிழமையாச்சி. வலி தெரியாம இரிக்க மருந்து குடுத்துத் தூங்க வச்சிரிக்கிறாங்க."

புஹாரி தங்கையைப் பார்த்தார். லரீபா அழத் தொடங்கினாள். "நானா, மனசறியச் செய்யல்ல. அடுத்த வீட்டுக்குக் கொஞ்ச நேரம் போனேன். அவ்வளவுதான். நீங்க என்ன சொல்லுவீங்களோண்டு பயந்திட்டேன்."

அவர் கட்டிலை நெருங்கி மனைவியைத் தூக்கக் குனிந்தார்.

"தூக்காதீங்க!" முஹ்ஸினா கத்தியே விட்டாள். "எலும்பு நரம்பைக் கிழிச்சிரும். லொறி இரிக்கா? ஒரு பலகை கொண்டு வாங்க. கதவையாவது கழட்டுங்க."

கடையாட்கள் வந்து குசினிக் கதவைக் கழற்றினார்கள். முஹ்ஸினா இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்துச் சேலைத் துண்டால் கட்டினாள். ஸைனப்பைப் பலகைக்கு மாற்ற இன்னும் இரண்டு பழகிய கைகள் வேண்டும். அந்த வீட்டில் பழகிய கைகள் ஒருத்திக்குத்தான் இருந்தன. முஹ்ஸினாவுக்கு அவளைத் தொடவிட மனமில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

"தனலெட்சுமி, முழங்காலுக்குக் கீழ பிடி. நான் சொல்லும்போது தூக்கு."

தனலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் கை பட்டதும் ஸைனப் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். பதுளை போய்ச் சேரும் வரைக்கும், லொறியின் ஒவ்வொரு வளைவிலும், தனலெட்சுமி அந்தக் காலை அசையாமல் பிடித்திருந்தாள். ஸைனப் ஒரு தடவைகூட அவளைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்ததில் எலும்பு முறிந்திருந்தது உறுதியானது. காலில் பாரம் கட்டி வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். ஆரம்பத்தில் காய்ச்சல் வந்து பயமுறுத்தியது, பிறகு தணிந்தது. புஹாரி பொலிஸுக்குப் போகவேண்டுமென்று குதித்தார். ஸைனப்தான் கையை அசைத்து வேண்டாமென்றாள். லரீபா பண்டாரவளையில் இருந்த தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தனலெட்சுமியை வேலையில் வைத்திருப்பதா என்று சங்கத்தில் முஹ்ஸினாவின் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். அதைச் சொல்லும் முன்னால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"ராத்தா, தனலெட்சுமி ஒங்கள வந்து பாக்கணும்னு அழுறா. திரும்ப வந்து பாத்துக்கிறேன்னும் சொல்றா. நீங்க என்ன சொல்றீங்க?"

"அவட கை... நல்ல கை," என்றாள் ஸைனப். "ஆனா கண்ணை மூட... எனக்குப் பயமாயிரிக்கி."

முஹ்ஸினா அன்று பின்னேரமே தோட்டத்துக்கு ஏறிப் போய், லயத்து வாசலில் நின்று, ஸைனப்பின் வார்த்தைகளைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பிறகு தன் முடிவையும் சொன்னாள். "ஒன்னை மிரட்டினது எனக்குத் தெரியும். ஒன்னைப் பாண் கியூவுக்கு அனுப்பினது அவங்க பிழைதான். ஆனா ஒருத்தரை வலியோட தூங்க வச்சிட்டு மேலுக்குத் துடைச்சு அழகா வச்சிருந்தியே. ஒன்னை இனி எந்த வீட்டுக்கும் அனுப்பச் சொல்ல என்னால முடியாது."

"துடைக்கையில எல்லாம் அழுதுக்கிட்டுத்தான் துடைச்சேங்க," என்றாள் தனலெட்சுமி. "ஒங்கக்கிட்டயாவது ஓடியாந்து சொல்லியிருக்கணும்." மறுநாளிலிருந்து அவள் கொழுந்தெடுக்கப் போனாள்.

இறங்கி வரும் வழியெல்லாம் முஹ்ஸினாவுக்கு மனசு ஆறவில்லை. தான் சொன்னது சரி என்று தெரிந்தது. அதனால் பாரம் குறையவில்லை.

ஸைனப் வீட்டுக்குத் திரும்பிய பிறகு முஹ்ஸினா பார்க்கப் போனாள். படியில் ஏறும்போதே உள்ளே சண்டை கேட்டது. புஹாரி கடையைக் கடையாட்களிடம் விட்டுவிட்டுத் தானே மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரிப்பு கசங்கிக் கிடந்தது. தலை பாதிதான் பின்னியிருந்தது. அறையில் மூத்திர வாடையும் இருந்தது. சாரத்தை மடித்துக் கட்டியபடி நின்ற புஹாரியின் மேலெல்லாம் தண்ணீர்.

"பாருங்க மிஸ்ஸி," என்றாள் ஸைனப், ஒவ்வொரு சொல்லாக. "பச்சத் தண்ணியில... குளிப்பாட்டுறார். மனிசனா இவர்?"

"நான் என்னத்தச் செய்ய? சூடுண்டா சூடுங்கிறா, பச்சண்டா பச்சங்கிறா."

முஹ்ஸினா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வாங்க முதலாளி, இந்தப் பக்கம் நில்லுங்க. மொதல்ல தண்ணியில ஒங்கட முழங்கையை வச்சிப் பாருங்க," என்றாள்.