ரெண்டு பக்கமும்

தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறியபோது, சிரிப்பை அடக்குவதே ஈவ்லினுக்குப் பெரும்பாடாக இருந்தது. மத்தியான வண்டி, பெட்டி முழுக்கக் காலி சீட்டுகள். ஒன்றில்கூட அவளால் உட்கார முடியாது. இடுப்பில் இரண்டு பக்கமும் ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள்.

பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து எச்ஐவி தொற்றியவள் அவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு பொழிச்சலூரில் புஷ்பம் சித்திதான் வளர்த்தாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து மாத்திரை. பள்ளிச் சுற்றுலாவில் மாத்திரை, தோழி கல்யாணத்தில் கை கழுவும் இடத்தில் ஒளிந்து நின்று மாத்திரை. கேட்டவர்களிடமெல்லாம் தைராய்டு என்று சொல்லிச் சொல்லி, தைராய்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

தாம்பரத்தில் ஓர் ஆராய்ச்சி மையத்தில், தினமும் மாத்திரை போடுவதற்குப் பதில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டால் வைரஸ் அடங்கியே கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் சேர்ந்திருந்தாள். இன்று முதல் ஊசி. இன்றைக்கு மாத்திரை கிடையாது! நாளைக்கும் கிடையாது! பரீட்சை முடிந்த பிள்ளை மாதிரி உள்ளே என்னவோ குதித்தது.

"உக்காரும்மா, சீட்டு காலியாத்தானே கீது?" என்றார் சுண்டல் கூடையோடு உட்கார்ந்திருந்த பெரியவர்.

"பரவால்லண்ணா."

பெருங்களத்தூர் தாண்டியும் அவருக்கு மனசு ஆறவில்லை. எதிர்க் கதவோரம் கம்பியைப் பிடித்து நின்ற நீலச் சட்டைக்காரனைப் பார்த்தார்.

"நீ இன்னாப்பா, நீயும் நின்னுகினே வர்றே? ரெண்டு பேருக்கும் எதுனா வேண்டுதலா?"

"சும்மாதாண்ணா, காத்து வாங்கறேன்" என்றான் அவன். அந்த நேரம் பார்த்து வண்டி குலுங்க, இடுப்பு போய்க் கம்பியில் இடித்தது. 'ஸ்ஸ்' என்று ஒரு பக்கத்தைத் தடவினான். கொஞ்சம் யோசித்து, மறுபக்கத்தையும் தடவினான்.

ஈவ்லின் அதைப் பார்த்தாள். அவள் கோணலாக நிற்பதை அவனும் பார்த்தான். மையத்தில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் செல்போன்தான் உலகம். ஒரு கணம் அவளுக்கு இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்ங்க."

அவ்வளவுதான். அவள் வெடித்துச் சிரித்தாள், அவனும் சிரித்தான். என்ன ஏதென்று தெரியாமலே பெரியவரும் சிரித்து, ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல் நீட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வெளியே வயல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, நான் கூடுவாஞ்சேரியில இறங்கணும்" என்றான் அவன். அங்கே டியூஷன் சென்டரில் கணக்கு வாத்தியார், பெயர் ஜெயவேலு.

"அது எப்பவோ போச்சு. என் காட்டாங்குளத்தூரும் போச்சு. காலேஜ் ஆபீஸ்ல அரை நாள்தான் லீவு சொல்லியிருந்தேன்."

"இப்ப என்ன பண்றது?"

"முழு நாளா ஆக்கிட வேண்டியதுதான்!"

செங்கல்பட்டில் இறங்கி, கடைக்காரர் ஸ்டூல் போட்டும் உட்காராமல், நின்றபடியே எலுமிச்சை சோடா குடித்தார்கள். இருபத்தெட்டு வயதில் முதல்முறையாக, குரலைத் தாழ்த்தாமல், எதையும் மாற்றிச் சொல்லாமல் அவள் ஒருவனிடம் பேசினாள். அவனும் பேசினான். எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. அவனாகவே சொன்னபோது கேட்டுக்கொண்டாள்.

அடுத்தடுத்த ஊசிக்கு ஒன்றாகவே போனார்கள். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும், இருவருக்குமே வைரஸ் கண்ணில் படாத அளவுக்கு அடங்கிக் கிடந்தது. கல்யாணம் பண்ணிக்கலாம், குழந்தையும் பெத்துக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன சாயங்காலம், ஜெயவேலு தாம்பரம் நடைமேம்பாலத்தின் நட்ட நடுவில் நின்று கேட்டான். பின்னால் வந்தவர்கள் திட்டத் திட்ட, அவள் சரி என்றாள். வீட்டுக்கு ஓடினாள்.

கல்யாண விஷயத்தைக் கேட்டதும் சித்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். எத்தனையோ வருஷமாய்ப் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

"உன் விஷயம் அவனுக்குத் தெரியுமாடி?"

"தெரியும் சித்தி. அவனுக்கும் அதேதான்."

சித்தி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சர்ச்சுக்கு வருவானா?"

"கேக் குடுத்தா வருவான்."

சித்தி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். முகத்தைக்கூடப் பார்த்திராத மாப்பிள்ளையைப் பற்றி, "ராஜா மாதிரி இருப்பான் காமு!" என்று அவள் அளந்துகொண்டிருந்தது தெருமுனை வரை கேட்டது.