மண்டி படிந்த வரக்காப்பி

கிருஷ்ணப்பன் செத்தது நடுக்கடலில். வலை இழுத்துக்கொண்டிருந்தவன் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அவ்வளவுதான். கரை வந்து சேரும்வரை அவனை ஐஸ் அறையில் மீனோடு மீனாகக் கிடத்த வேண்டியதாயிற்று. காலைப் பிடித்து உள்ளே இறக்கியவன் அதே போட்டில் வேலை பார்க்கும் பொன்னுரங்கம். காசிமேட்டுத் துறைமுகத்தில் இறங்கியும் அந்தக் காலின் சில்லிப்பு அவன் கையை விட்டுப் போகவில்லை.

மறுவாரமே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தான். கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, வாயைக் கட்டு என்றார்கள். கட்டினான். இறால், முட்டை, கறி, கடைசியில் பாலும் போயிற்று.

"மீன் புடிக்கிறவன் வூட்ல கத்திரிக்கா கொழம்பான்னு அக்கம்பக்கத்துல சிரிக்கிறாளுங்கய்யா" என்றாள் பெண்டாட்டி கோவிந்தம்மா.

"சிரிக்கட்டும். உன் தாலிய நெனச்சிதான் துன்னாம கீறேன்."

பசித்த வயிற்றுக்குப் பாலில்லாத வரக்காப்பிதான் துணை. போட்டில் போடுகிற மாதிரியே வீட்டிலும் போட்டான்: அலுமினியக் குண்டானில் தூளைக் கொட்டிக் கொதிக்க விடுவது, தீரத் தீர தண்ணீரும் தூளும் சேர்ப்பது. வடிகட்டுகிற பழக்கம் கடலில் எவனுக்கும் கிடையாது. ஆடுகிற போட்டில் யார் வடிகட்டிக்கொண்டிருப்பது?

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கொழுப்பு குறையவில்லை, ஏறியிருந்தது.

பொன்னுரங்கத்துக்கு இடது தோள் வலிக்கிற மாதிரி இருந்தது. அது வலியா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"எவன் ரத்தத்தயோ என் பேர்ல எழுதிட்டீங்க. நான் துன்றதே இல்லம்மா" என்றான்.

டாக்டர் யசோதரா கோபப்படவில்லை. "சாப்பாட்டை விடுங்க. என்ன குடிக்கிறீங்க?"

"காப்பிதான். அதுல இன்னா கொழுப்பு கீது?"

எப்படிப் போடுவான் என்று கேட்டாள். சொன்னான். அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"காப்பிக்கொட்டையில ஒரு எண்ணெய் இருக்குங்க. அது கொழுப்பை ஏத்தும். காகிதத்துல வடிச்சா பெரும்பாலும் அதுலயே தங்கிரும். நீங்க தூள் மண்டியோட நாள் முழுக்கக் கொதிக்க வெச்சு, அவ்வளவையும் உள்ள எறக்கியிருக்கீங்க. அது மட்டுமே காரணம்னு சொல்லல. ஆனா முதல்ல அதை நிறுத்துங்க. மாத்திரையும் தரேன்."

"கிருஷ்ணப்பனும் அதே குண்டான்லதாம்மா குடிச்சான்."

"அவருக்கு என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கு என்ன இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

நல்லது என்று நினைத்து, குண்டான் குண்டானாகத் தானே ஊற்றிக்கொண்டிருக்கிறான். மாத்திரையை மட்டும் நம்பலாமா? நடுக்கடலில் மாரைப் பிடித்தால் டாக்டரா வரப்போகிறாள்?

வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது. போட் டிரைவர் ரஞ்சித்.

"இன்னா நைனா, அரிசி பருப்பு ஏத்தியாச்சு. காப்பித்தூளு எவ்ளோ வாங்கறது?"

"தூளு வாணாம். நானும் வர்ல."

"கெளம்பற நேரத்துல பேஜாரு பண்ணாத. முட்டி வலியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கோவிந்தம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயமா கீதுடா" என்றான்.

சிரிப்பான் என்று காத்திருந்தான். சிரிப்பு வரவில்லை.

"எனுக்கும் அப்பப்போ மாரு புடிக்குது நைனா. யார்கிட்டயும் சொல்லல" என்றான் ரஞ்சித், ரகசியம் போல. "நீ ரத்தம் குடுத்தியே, அது எங்க எடுக்கறாங்க?"

பொன்னுரங்கம் வழி சொன்னான்.

"வெறும் வயித்துல போ. காப்பிகூட குடிக்காத."